வாய்மொழியில் வாழும் வரலாறு: சயாம் ரயில் பாதையும் நம் தோட்டத்து மக்களும்



தோட்டத்து லயங்களில் முன்னாளில் மாலை வேளை எப்படி இருந்தது என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பால் எடுத்து, கொட்டகையில் நிறுத்துக் கொடுத்து, குளித்துச் சாப்பிட்ட பிறகு, லயத்து வாசலில் பெரியவர்கள் உட்காருவார்கள். பிள்ளைகள் சுற்றிச் சூழ்ந்துகொள்வார்கள். முதலில் பேய்க்கதை வரும். அடுத்து ஊர்க்கதை, கப்பலேறி வந்த கதை. கடைசியாக ஒரு பெரியவர் குரலைத் தாழ்த்தி, "அது ஜப்பான்காரன் காலம்" என்று தொடங்குவார். அப்போது அங்கே சிரிப்பு அடங்கிவிடும்.

அப்படி அவர்கள் சொன்னவற்றைக் கதை என்றே நாம் நினைத்தோம். உண்மையில் அவை சாட்சியங்கள். கண்ணால் கண்டதை, உடம்பால் பட்டதை, நாலு பேர் முன்னிலையில் வாய்விட்டுச் சொன்ன சாட்சியங்கள். நம் மக்களின் வரலாற்றில் ஒரு பெரும் பகுதி இப்படித்தான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. சயாம் - பர்மா ரயில் பாதைக்குப் போனவர்களின் வரலாற்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு இதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

அந்தக் காலத்துக்குப் போவதற்கு முன், கிள்ளானில் சற்று நிற்போம். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. தமிழ் நேசன் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் அதில் முன்னின்றவர்களுள் ஒருவர். சீனத் தொழிலாளருக்குக் கிடைக்கும் கூலி தங்களுக்கும் வேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். இவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார்; பின்னர் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் இறக்கப்பட்டது. சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர்.

இந்த நிகழ்ச்சியைப் பற்றி அரசாங்கக் காகிதங்கள் உண்டு. கோரிக்கைப் பட்டியலும் உண்டு. ஆனால், பாரம் ஏற்றிய சைக்கிளோடு சேற்றில் இறங்கி, தலை குனிந்து நின்றவனின் மனம் எப்படி இருந்தது என்பதை எந்தக் காகிதமும் சொல்லாது. அதைச் சொன்னவர்கள் அவனுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். காகிதம் எலும்பு என்றால், வாய்மொழி அதன்மேல் உள்ள சதை. இரண்டும் சேர்ந்தால்தான் உருவம் கிடைக்கும்.

கிள்ளான் வேலைநிறுத்தம் நடந்து ஏழே மாதத்தில் போர் நம் வாசலுக்கு வந்துவிட்டது. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் அவர்கள் கைக்குப் போனது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் விழுந்தது. துரைமார் தோட்டங்களை விட்டுப் போய்விட்டார்கள். ரப்பரை வாங்கக் கப்பல் இல்லை. பால் எடுப்பதில் பயனில்லை என்று ஆனபோது, கூலியும் நின்றது, அரிசியும் நின்றது. லயத்தைச் சுற்றி மரவள்ளிக்கிழங்கு நட்டு நம் மக்கள் உயிரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். துணி கிடைக்காமல் சாக்கை உடுத்திய காலம் அது.

அந்த நேரத்தில் ஜப்பானியருக்கு ஒரு நெருக்கடி. பர்மாவில் இருந்த அவர்களுடைய படைக்குக் கடல் வழியாக உணவும் ஆயுதமும் அனுப்புவது ஆபத்தாகிவிட்டது. நேச நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்கள் அவர்களுடைய கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. ஆகவே, சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் ஊடுருவி ஒரு ரயில் பாதை போடத் தீர்மானித்தார்கள். ஏற்கெனவே ஆங்கிலேயர் அந்த வழியை ஆராய்ந்து பார்த்து, முடியாத வேலை என்று கைவிட்டிருந்தனர். பாதையின் நீளம் சுமார் 415 கிலோமீட்டர். ஏறக்குறைய 60,000 போர்க்கைதிகளை அதில் இறக்கினார்கள். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், அமெரிக்கர் எனப் பல நாட்டவர் அவர்களில் இருந்தனர். 1942-ஆம் ஆண்டின் நடுவில் வேலை தொடங்கியது. போர் நெருக்க நெருக்க, பாதையை விரைந்து முடிக்க வேண்டும் என்ற அவசரம் வந்தது. அதற்குக் கைதிகள் போதவில்லை. அப்போதுதான் அவர்கள் பார்வை பர்மாவின் கிராமங்கள் மீதும், ஜாவாவின் மீதும், நம் மலாயாத் தோட்டங்கள் மீதும் விழுந்தது.

முதலில் ஆசை காட்டினார்கள். நாளொன்றுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத வேலை, சாப்பாடு இலவசம், முடிந்ததும் வீடு திரும்பலாம் என்றார்கள். மரவள்ளியைத் தின்று வயிறு வீங்கிக் கிடந்த வீட்டில் அது பெரிய வார்த்தை அல்லவா? சிலர் விரும்பிப் போனார்கள். போனவர்களிடமிருந்து செய்தி வரவில்லை என்றதும் மற்றவர்கள் பின்வாங்கினார்கள். அதன் பிறகு கட்டாயம் வந்தது. இத்தனை ஆள் வேண்டும் என்று தோட்டத்துக்குக் கணக்குப் போட்டார்கள். கிராணியும் கங்காணியும் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். சில ஊர்களில் இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, கதவைச் சாத்தி, அப்படியே லாரியில் ஏற்றிக்கொண்டு போனதும் உண்டு. சிலர் குடும்பத்தோடு சென்றார்கள், கைக்குழந்தைகளும் சென்றன.

மேற்குக் கரை ரயில் பாதை வழியாக, சரக்கு ஏற்றும் மூடிய பெட்டிகளில், கால் நீட்ட இடமின்றி நாள் கணக்கில் வடக்கே பயணம். இன்று பிரிக்பீல்ட்ஸில் கேஎல் சென்ட்ரல் நிலையம் நிற்கிறதே, அது முன்பு ரயில்வேயின் சரக்குப் பெட்டிகள் நின்ற நிலம். அந்தப் பகுதியில் ரயில்வேயை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. தமிழர் கைகள் கட்டிக் காத்த அதே தண்டவாளத்தின் மேல்தான் தமிழர்களைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அதுவும் போதாதென்று, நம் கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளத்தைக் கழற்றி அந்தச் சயாம் பாதைக்கு எடுத்துச் சென்றார்கள்.

சயாமின் பான் போங் என்ற ஊரில் இறங்கியபின், காட்டு முகாம்களுக்கு நடை. பிறகு காடு வெட்டுவது, மண் சுமப்பது, பாறை உடைப்பது, கட்டை அடுக்குவது. 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் காலில் புரையோடிய புண்ணும் ஏற்கெனவே இருந்தன. அக்டோபர் மாதம் பாதை முடிந்தது. ஆனால், மூன்று மாதம் என்று அழைத்துப் போனவர்களை அப்போதும் விடவில்லை. பாதையைப் பராமரிக்கவும் விறகு வெட்டவும் நிறுத்திக்கொண்டார்கள். பலர் போர் முடியும் வரை அங்கேயே கிடந்தார்கள்.

எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் மாண்டார்கள்? போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் உண்டு. ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் 90,000 பேர் அளவில் இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர் என்றும், அவர்களில் பெரும்பாலோர் தமிழர் என்றும் சொல்லப்படுகிறது. அவர்களில் இறந்தவர்கள் 30,000 என்று ஒரு கணக்கும், 40,000-க்கு மேல் என்று மற்றொரு கணக்கும் உண்டு. இரண்டு கணக்குக்கும் இடையே பத்தாயிரம் மனிதர்கள் நிற்கிறார்கள், நேயர்களே. அவர்கள் இருந்தார்களா, இறந்தார்களா என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

கைதிகளைவிட நம்மவர்கள் அதிகமாக மாண்டது ஏன்? கைதிகளும் பட்டினி கிடந்தார்கள்; அடிபட்டார்கள். ஆனால், அவர்களிடையே பட்டாளத்து மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, மலக்குழியைத் தள்ளி வெட்டு என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். யார் எங்கே இறந்தார் என்று ஒளித்து ஒளித்து எழுதி வைத்தவர்களும் இருந்தார்கள். நம்மவர்களுக்கு மருத்துவரும் இல்லை, தலைவரும் இல்லை, எழுதி வைக்க ஆளும் இல்லை. நோய் வந்தால் குடிசையில் தனியே கிடத்தப்பட்டார்கள். ஒழுங்கும் அறிவுரையும் இல்லாத இடத்தில் பட்டினியைவிட நோயே பெரிய எமனாக வந்தது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. அதற்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாக, 1946-ஆம் ஆண்டிலும்கூட, பிழைத்தவர்கள் தோட்டம் திரும்பினார்கள். இங்கேதான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய காட்சி இருக்கிறது.

பெரும்பாலான வீடுகளுக்குத் தந்தியும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. தோட்டத்தில் காத்திருந்தவர்களில் பலர் பெண்கள். கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத பெண், நெற்றியில் பொட்டு வைப்பதா அழிப்பதா? திதி கொடுக்க நாள் தெரியாது. காரியம் செய்ய உடல் இல்லை. அந்த நிலையில், எலும்பும் தோலுமாக ஒருவன் வந்து லயத்தில் நுழைந்தால், தோட்டமே அவனைச் சூழ்ந்துகொள்ளும். "எங்க வீட்டுக்காரரப் பாத்தியா? எம் மவனப் பாத்தியா? எங்கண்ணன் உங்கூடத்தானே போனாரு?" இத்தனை கேள்விக்கும் அவன் ஒருவன் பதில் சொல்ல வேண்டும்.

அவன் சொன்ன சொல்லே அந்த வீட்டுக்கு மரணச் சான்றிதழ். இன்னார் இன்ன முகாமில், மழைக்காலத்தில், காய்ச்சலில் போனார் என்று அவன் எல்லார் முன்னிலையிலும் சொன்ன பிறகுதான் அழுகை எழுந்தது, கருமாதி நடந்தது. கையெழுத்தும் முத்திரையும் இல்லாத அந்தச் சாட்சியத்தைத் தோட்டம் ஏற்றுக்கொண்டது. ஏனென்றால், கேட்டவர்கள் அவனையும் அறிந்தவர்கள், இறந்தவரையும் அறிந்தவர்கள். பொய் சொன்னால் அடுத்த மாதம் திரும்பி வரும் இன்னொருவன் அதைத் திருத்திவிடுவான். பத்துப் பேர் நடுவில் வாய்விட்டுச் சொல்வதற்கு உள்ள பாதுகாப்பு இது.

ஆயினும், சொல்லாமல் விட்டவை அதிகம். உயிரோடு இருந்த நண்பனை விட்டுவிட்டு வந்ததை எப்படிச் சொல்வது? பசியில் திருடியதை எப்படிச் சொல்வது? இறந்தவரின் மனைவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, அவர் கடைசி நாளில் பட்ட பாட்டை முழுக்கச் சொல்ல எந்த மனம் துணியும்? எனவே பலர் பாதியை விழுங்கினார்கள். சிலர் வாழ்நாள் முழுவதும் வாய் திறக்கவேயில்லை. அந்த மௌனத்தை நாம் குறையாகக் கருதக்கூடாது. அதுவும் ஒரு சாட்சியம்தான்.

இதே காலத்தில் வேறு ஒரு கதையும் நம்மிடையே உண்டு. 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் மலாயாவுக்கு வந்து பேசியதைக் கேட்டு, கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி என்ற இளம்பெண் தம் நகையைக் கழற்றிக் கொடுத்தார். ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்தவர் அவரே. அதே படையில் இருந்த ராசம்மா பூபாலன் பின்னாளில் ஆசிரியையாகி, பெண் ஆசிரியர்களின் சம ஊதியத்துக்காகப் பாடுபட்டார். இவர்கள் தங்கள் அனுபவத்தைப் பல மேடைகளில் எடுத்துச் சொன்னார்கள், மாணவர்கள் கேட்டார்கள், நூல்களிலும் அது ஏறியது. அந்தப் படையில் தோட்டத்துப் பெண்களும் பலர் இருந்தனர். சயாமுக்குப் பிடித்துப் போவதிலிருந்து தப்பலாம் என்று நேதாஜியின் படையில் சேர்ந்த ஆண்களும் உண்டு. ஒரே லயத்தில் ஒருவன் படைக்கும் மற்றவன் பாதைக்கும் போயிருக்கிறான். படைக்குப் போனவனுக்குச் சொல்ல மேடை கிடைத்தது. பாதைக்குப் போனவனுக்கு லயத்து வாசல்தான் கிடைத்தது. வீரத்தைச் சொல்வது எளிது. பட்ட அவமானத்தைச் சொல்வது அரிது. இரண்டையும் கேட்கக் காது கொடுக்கும் சமுதாயமே முழு வரலாறு உடைய சமுதாயம்.

சயாமில் காஞ்சனபுரி நகரத்தில் போர்க்கைதிகளுக்கென்று அழகான மயானம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கல்; கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு. நம்மவர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. 1990-ஆம் ஆண்டு காஞ்சனபுரி அருகே ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. அவை ஆசியத் தொழிலாளர்களுடையவை என்றே கருதப்படுகிறது. பெயர் சொல்ல ஒருவரும் இல்லை.

இந்த மறதியை எதிர்த்து நம் நாட்டில் சிலர் எழுதினார்கள். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலையும், அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' என்ற நாவலையும் படைத்தனர். பிழைத்து வந்த முதியவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் பேச்சைப் பதிவு செய்து, ஆவணப்படமாக்கி, கூட்டம் கூட்டி மக்கள் முன் காட்டியவர்களும் இருக்கிறார்கள். அறுபது எழுபது ஆண்டுகள் பேசாதிருந்தவர்கள் தொண்ணூறு வயதில் வாய் திறந்தார்கள். 2023-ஆம் ஆண்டு காஞ்சனபுரியில் ஒரு பௌத்த ஆலய வளாகத்தில் தமிழர் நினைவாக நடுகல் நாட்டப்பட்டது. போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது சங்க காலம் முதல் நம் மரபு. கட்டை சுமந்து விழுந்தவனுக்கும் அந்த மரியாதை எண்பது ஆண்டு கழித்துக் கிடைத்தது. வாயால் சொன்னவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கல்லும் எழுந்திராது.

இனி, ஒரு நியாயமான கேள்வி. முதியவர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பலாமா? நினைவு மங்காதா? மங்கும். கேட்பவர் மனம் உருக வேண்டும் என்று சொல்பவர் சற்றுக் கூட்டிச் சொல்வதும் உண்டு. அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. "ஒரு கட்டைக்கு ஓர் உயிர்" என்று இந்தப் பாதையைப் பற்றிச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிலோமீட்டருக்கு ஆயிரம் கட்டை என்று குறைத்து வைத்தாலும், 415 கிலோமீட்டருக்கு நான்கு லட்சத்துக்கு மேல் வரும். மாண்டவர்கள் எல்லா நாட்டவரும் சேர்ந்து ஒரு லட்சம் அளவில் இருக்கலாம். ஆகவே அந்தச் சொல் கணக்கில் சரியில்லை. ஆனால், கணக்கின்படியே பார்த்தாலும், பாதையில் நான்கு மீட்டருக்கு ஓர் உயிர் என்று வருகிறது. நம் லயத்து வீட்டு வாசலிலிருந்து அடுத்த வீட்டு வாசலுக்கு உள்ள தூரம் அவ்வளவுதான். வீட்டுக்கு ஒரு பிணம். மிகையை நீக்கிவிட்ட பின்னும் உண்மை நெஞ்சை உலுக்கப் போதுமானதாக இருக்கிறது. அதனால் நாம் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கும்போது மூன்று காரியங்களை மனத்தில் வைத்துக்கொள்வோம். முதலாவது, அவர் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா என்று பிரித்துக் கேட்பது. இரண்டாவது, ஆண்டு நினைவில்லை என்றால் நிகழ்ச்சியோடு இணைத்துக் கேட்பது. "அப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? அண்ணன் பொறந்துட்டாரா? வாழைமரத்து நோட்டு செல்லாமப் போறதுக்கு முன்னயா, பின்னயா?" என்று கேட்டால் காலம் தானாக விளங்கிவிடும். மூன்றாவது, அவர் நிறுத்தினால் நாமும் நிறுத்துவது. அழுகையை வலிய வரவழைப்பது கேட்பவரின் வேலையல்ல. ஒரு குவளை காப்பி கொடுத்து, இன்னொரு நாள் வந்து உட்காருவோம். சொன்னதை அன்றிரவே ஒரு பள்ளிக்கூட நோட்டில், சொன்னவர் பெயரோடும் நாளோடும் எழுதி வைப்போம். கைத்தொலைபேசி இருந்தால் குரலையே பதிந்துகொள்வோம்.

சயாமிலிருந்து திரும்பியவர்கள் ஏறக்குறைய எல்லாரும் மறைந்துவிட்டனர். அவர்கள் பேசக் கேட்ட பிள்ளைகளே இன்று பாட்டன் பாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்களிடம் வேறு கதைகளும் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் வேலை செய்த நிலங்களைப் பாருங்கள். ஷா ஆலம் நகரம் சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்தது. சுபாங் ஜெயா, சீபீல்டு தோட்டமாக இருந்தது. புத்ராஜெயா, பிராங் புசார் தோட்டமாக இருந்தது. அங்கே கோயில் எங்கே இருந்தது, பள்ளிக்கூடம் எங்கே இருந்தது, எந்த நாளில் சாமான் கட்டிக்கொண்டு வெளியேறினோம் என்பதைச் சொல்ல இன்னும் ஆள் இருக்கிறார்கள். அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்த பிறகு லயத்து வாசல் இல்லாமல் போயிற்று. வாசல் போனதோடு சொல்லும் பழக்கமும் போய்விட்டால், நாளைய பிள்ளைகளுக்கு அந்த இடங்கள் வெறும் ஊர்ப்பெயர்களாகவே இருக்கும்.

எனவே, நேயர்களே, இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சற்று நேரம் ஒதுக்குவோம். வீட்டில் மூத்தவர் ஒருவரை நடுவில் உட்கார வைப்போம். பிள்ளைகளைச் சுற்றி உட்காரச் சொல்வோம். "தாத்தா, நீங்க சின்னப் புள்ளயா இருந்தப்ப, சயாமுக்குப் போய் வந்தவங்க யாராச்சும் நம்ம தோட்டத்துல இருந்தாங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஒரு பெயர் கிடைக்கலாம். கல்லில் ஏறாத அந்த ஒரு பெயரை நோட்டில் எழுதி வைப்போம்.